கேம் ரசிகர் தளங்களின் விளம்பரங்களில் மாட்டாமல் இருக்க: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் பிள்ளைகள் பாதி நாள் கேமில்தான் இருப்பார்கள். மைன்கிராஃப்டுக்கு ஒரு மோட் (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்), ரோப்லாக்ஸுக்கு ஒரு கோட், ஃப்ரீ ஃபயருக்கு டயமண்ட், பழைய ஜிடிஏவுக்கு ஒரு சேவ் ஃபைல் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். அதெல்லாம் கிடைப்பது பெரும்பாலும் ரசிகர்கள் நடத்தும் தளங்களில். அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவராகவே இருப்பார். சர்வர் செலவுக்காக விளம்பரம் போட்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் எந்த விளம்பரம் வருகிறது என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கம் திறக்கும் அந்த நொடியில் இயந்திரங்களுக்குள் நடக்கும் ஏலம் அதை முடிவு செய்கிறது. அதனால் உங்கள் திரையில் வந்த மோசடி விளம்பரம் அவர் திரையில் வராமலே போகலாம்.

எங்கள் வீட்டு லேப்டாப்பில் இப்படி ஒன்று நுழைந்து, மகனின் கேம் கணக்கும் என் மின்னஞ்சலும் ஒரே இரவில் கைமாறிவிட்டன. பேங்க், சிம் கம்பெனி, போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்தபோது எதை முதலில் செய்வது என்று சொல்ல ஆளில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். முதல் ஐந்து படிகள் வராமல் தடுக்க. இப்போதே மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் நேராக 6-க்குப் போங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் புதிதாக இருந்தால், விளம்பரம் திரையில் தெரிந்ததாலேயே பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே வர அதற்கு நம் கை வேண்டும். ‘அலவ்’ அழுத்தும் கை, ஒரு ஃபைலை இறக்கித் திறக்கும் கை, சொன்னதை அப்படியே ஒட்டும் கை. இந்த மூன்றைத் தடுத்தால் போதும்.

1. விண்டோஸையும் பிரவுசரையும் புதுப்பியுங்கள்

செலவில்லை, டேட்டா மட்டும் போகும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் மெனுவில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்தாலே அப்டேட் தேட ஆரம்பிக்கும். முடிந்ததும் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். திறக்காமல் விட்டால் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் பெற ஒரு திட்டம் இருக்கிறது. 30 டாலர் கட்டலாம், இல்லையென்றால் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்து இலவசமாகவே சேரலாம். சேர்வதற்கான பொத்தான் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும். லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்கும் என்றால் அதற்கே மாறிவிடுங்கள்.

2. விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள்

என் கணக்கில் இந்த ஒரு படியே பாதி வேலையை முடித்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின். குரோமில் முழு யூபிளாக் ஆரிஜின் இப்போது வேலை செய்யாது, அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள். இரண்டும் இலவசம். ஆண்ட்ராய்டு போனிலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதற்குள் யூபிளாக் ஆரிஜினைச் சேர்க்கலாம். போனில் குரோமுக்கு இந்த வசதி கிடையாது.

இங்கேயும் பொறி உண்டு. பிரவுசரின் சொந்த எக்ஸ்டென்ஷன் கடைக்குள் போய்த் தேடுங்கள், கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தாதீர்கள். தேடல் முடிவின் உச்சியில் ‘ஸ்பான்சர்ட்’ என்று வருவதும் விளம்பரம்தான், அதிலும் போலித் தளங்கள் புகுந்திருக்கின்றன. கடைக்குள்ளும் பெயரை முழுதாகப் பாருங்கள். ‘ஆரிஜின்’ இல்லாத வெறும் யூபிளாக் வேறு ஆளுடையது.

‘தடுப்பானை நிறுத்தினால்தான் பக்கம் திறக்கும்’ என்று சில ரசிகர் தளங்கள் கேட்கும். நிறுத்த வேண்டாம். அந்தத் தளம் பிடித்திருந்து, நன்கொடை கொடுக்க வழி வைத்திருந்தால் சில ராண்ட் கொடுங்கள். விளம்பரத்தில் அவர்களுக்குக் கிடைப்பதைவிட அது அதிகமாகவே இருக்கும்.

3. ரூட்டரில் டிஎன்எஸ் மாற்றுங்கள்

வீட்டில் ஃபைபர் இருந்தால், ரூட்டரின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் 9.9.9.9 என்றும் அதற்கடுத்த கட்டத்தில் 149.112.112.112 என்றும் போடுங்கள். இது குவாட்9 என்ற இலவச சேவை, மோசடித் தளம் என்று தெரிந்த முகவரிகளைத் திறக்க விடாது. கிளவுட்ஃப்ளேர் தரும் 1.1.1.2, 1.0.0.2 ஜோடியும் இதே வேலையைச் செய்யும். பத்து நிமிட வேலைதான், வீட்டில் உள்ள எல்லாப் போனுக்கும் டிவிக்கும் சேர்த்துக் காவல். ஆனால் பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறிய நொடியில் இந்தக் காவல் இருக்காது.

4. பிள்ளைக்குத் தனிக் கணக்கு

விண்டோஸில் பிள்ளைக்கு ‘ஸ்டாண்டர்ட்’ வகைக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். உங்கள் பேங்க், சம்பள ஸ்லிப், விசா ஆவணம் எதுவும் அந்தக் கணக்கில் இருக்கக்கூடாது. முடிந்தால் கேம் ஆடும் கணினியில் பேங்க் வேலையே வேண்டாம்.

அப்படியே ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் வாலை மறைத்துவிடும். வால் தெரிந்தால்தான், படம் மாதிரி ஐகான் போட்டு வந்தது உண்மையில் இஎக்ஸ்இ (திறந்தால் நிரலாக ஓடும் ஃபைல்) என்று பிள்ளைக்கே தெரியும். மோட் என்று சொல்லி இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், எல்என்கே என்ற வாலோடு எது வந்தாலும் திறக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ரெப்யூடேஷன் பேஸ்ட் ப்ரொடெக்‌ஷன்’ எல்லாம் ஆனில் இருக்கிறதா பாருங்கள். காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். மோட் தளத்துக்காக அதை நிறுத்தாமல் இருந்தால் சரி.

5. மூன்று பொறிகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்

முதல் பொறி, ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்ற பெட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்த வழியில்தான்.

மோட் பக்கத்தில் டவுன்லோடு அழுத்தியதும் புது டேப் திறக்கும். நடுவில் வழக்கமான டிக் பெட்டி. அதை அழுத்தினால் மூன்று வரியில் வழிமுறை வரும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர். பிள்ளைக்கு இது சாதாரணமாகத்தான் படும், ஏனென்றால் படத்தில் பஸ்ஸைக் காட்டு, டிராஃபிக் லைட்டைக் காட்டு என்று தினமும் பத்து தளங்கள் கேட்கின்றன. உண்மையில் நடப்பது என்னவென்றால், டிக் செய்த அந்த நொடியில் அந்தப் பக்கம் ஒரு நீளமான கட்டளையைக் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்துவிட்டது. திறந்த சின்னப் பெட்டி விண்டோஸின் ‘ரன்’ பெட்டி. ஒட்டும்போது கட்டளையின் வால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வாலில் ‘நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இத்தனை’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஆபத்தான பகுதி இடப்பக்கம் மறைந்திருக்கும். என்டர் தட்டினால் முடிந்தது. நாமே நம் கையால் இயக்கியதால் பிரவுசரின் எச்சரிக்கை எதுவும் வராது.

உண்மையான எந்தச் சரிபார்ப்பும் உங்களை பிரவுசரை விட்டு வெளியே போகச் சொல்லாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை மனப்பாடம் செய்தால் போதும். சந்தேகம் வந்தால் நோட்பேடைத் திறந்து அதில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மறைந்திருந்தது முழுக்க வெளியே வரும். நோட்பேடில் ஒட்டினால் எதுவும் ஓடாது.

இந்த வழியில் அதிகம் இறங்கிய திருட்டு நிரல்களில் ஒன்று லும்மா. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை மட்டும் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கீ, டிஸ்கார்ட், ஸ்டீம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதுதான் இந்த வகை நிரல்களின் வேலை. குக்கீ என்பது நீங்கள் லாகின் செய்ததற்குப் பிரவுசர் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு, அது போனால் ஓடிபி கூடத் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்த நிலையிலேயே அவர்கள் உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது பொறி, போலி டவுன்லோடு பொத்தானும் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பும். ஒரு பக்கத்தில் பச்சையாக, பெரிதாக நான்கு டவுன்லோடு பொத்தான்கள் இருந்தால் உண்மையானது பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். தடுப்பான் போட்டிருந்தால் போலிகள் தானாக மறைந்துவிடும். ஜிப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டு, அந்தப் பாஸ்வேர்டை அதே பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தால் உடனே அழியுங்கள். ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காகச் செய்யும் வேலை அது. ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்’ என்று எழுதியிருந்தாலும் அதேதான்.

‘நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்திலிருந்துதானே இறங்கியது’ என்ற சமாதானமும் செல்லாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கண்டறிந்த ஒரு விளம்பரத் தாக்குதல், திருட்டு ஸ்ட்ரீமிங் தளங்களில் ஆரம்பித்து, ஆட்களைக் கிட்ஹப்பில் வைத்த ஃபைலுக்குக் கொண்டுபோய், கிட்டத்தட்ட 10 லட்சம் சாதனங்களைத் தொட்டது. பெயர்பெற்ற மோட் தளமான கர்ஸ்ஃபோர்ஜிலேயே 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் திருட்டு நிரல் புகுந்தது. ஆகவே புதிதாக வந்த மோட் என்றால் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். இறக்கிய ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம், இலவசம். ஆனால் அங்கே சிவப்பு வராததை மட்டும் நம்பித் திறக்க வேண்டாம்.

மூன்றாவது, ‘அலவ் அழுத்தினால் தொடரலாம்’. இது நோட்டிஃபிகேஷன் அனுமதி. கொடுத்தால் திரை ஓரத்தில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். பிரவுசர் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். எல்லாத் தளத்துக்கும் கேட்கவே கூடாது என்று அங்கேயே மாற்றிவிடுங்கள்.

போனில் இன்னொன்று உண்டு. ‘இலவச டயமண்ட்’ என்று போய் ஒரு பொத்தானை அழுத்தினால், தினசரி சந்தா ஒன்று ஏர்டைமில் ஏறிவிடும். இங்கே இதை வாஸ்ப் சேவை என்பார்கள். பிள்ளை போட்ட ஏர்டைம் காரணமில்லாமல் கரைந்தால் சிம் கம்பெனியைக் கூப்பிட்டு, ஓடும் வாஸ்ப் சந்தாக்களை நிறுத்தி, இனி எதுவும் வராதபடி பிளாக் செய்யச் சொல்லுங்கள். பணம் திரும்பவில்லை என்றால் வாஸ்பா என்ற அமைப்பில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

6. மாட்டிவிட்டால், முதல் ஒரு மணி நேரம்

முதலில் அந்தக் கணினியின் வைஃபையை நிறுத்துங்கள். ரூட்டரிலிருந்து ஒயர் செருகியிருந்தால் பிடுங்குங்கள். இனி அதில் எந்தப் பாஸ்வேர்டையும் தட்டக்கூடாது. மாட்டிய கணினியிலேயே பாஸ்வேர்டு மாற்றினால் புதியதும் சேர்ந்து போகும்.

பிறகு வேறொரு நல்ல போனை எடுங்கள். அந்தக் கணினியில் கார்டு எண்ணோ பேங்க் லாகினோ இருந்திருந்தால் முதல் அழைப்பு பேங்குக்கு. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணையே கூப்பிடுங்கள், கூகுளில் தேடாதீர்கள். கார்டை நிறுத்தச் சொல்லுங்கள், ரெஃபரன்ஸ் எண் கேட்டு வாங்கி, பேசிய நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அடுத்தது மின்னஞ்சல். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையதுதானா பாருங்கள். ஃபார்வேர்டிங், ஃபில்டர் இரண்டையும் பார்க்கப் பலர் மறக்கிறார்கள். என் மின்னஞ்சலில் பேங்க் என்ற சொல் வரும் கடிதமெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் வைத்திருந்தார்கள். அது இருக்கும்வரை எச்சரிக்கைக் கடிதம் எதுவும் கண்ணில் படாது.

அப்புறம் கேம் கணக்குகள். ஸ்டீமில் ‘ஸ்டீம் கார்ட்’ (Steam Guard) என்ற பாதுகாப்புப் பகுதியில் எல்லாச் சாதனத்தையும் நீக்கும் பொத்தான் உண்டு. டிஸ்கார்டில் பாஸ்வேர்டு மாற்றினாலே பழைய லாகின் எல்லாம் செத்துவிடும். அடுத்த ஓரிரு நாளில் உங்கள் போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சிக்னல் இருந்தால் சிம் ஸ்வாப் (உங்கள் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) என்று எண்ணி உடனே சிம் கம்பெனியையும் பேங்கையும் கூப்பிடுங்கள்.

7. கணினியைச் சுத்தம் செய்வது

டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். வெறும் விளம்பரத் தொல்லை என்றால் அது போதும். ஆனால் ஃபைலைத் திறந்துவிட்டார்கள் அல்லது ‘ரன்’ பெட்டியில் ஒட்டிவிட்டார்கள் என்றால் முழுக்க அழித்து விண்டோஸை மறுபடி போடுங்கள். அதுதான் நிம்மதி.

வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து யுஎஸ்பி தயாரிக்க வேண்டும். குறைந்தது 8 ஜிபி யுஎஸ்பி தேவை, அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பல ஜிபி டேட்டா இறங்கும், ஆகவே ஃபைபர் உள்ள வீட்டில் செய்யுங்கள், அல்லது உங்கள் பேக்கேஜில் நைட் டேட்டா இருந்தால் நள்ளிரவுக்கு மேல் செய்யுங்கள். லோட் ஷெடிங் அட்டவணை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் பார்த்து, சார்ஜரைச் செருகி ஆரம்பியுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள்.

காப்பாற்ற வேண்டியது புகைப்படமும் ஆவணமும் மட்டும். மோட் ஃபோல்டரையும் டவுன்லோடு ஃபோல்டரையும் எடுத்து வைக்காதீர்கள். புது விண்டோஸில் பிரவுசர் சிங்க் செய்யுமுன் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பாருங்கள், பழைய கெட்டது சிங்க் வழியாகத் திரும்ப வரும்.

கடையில் கொடுப்பதானால், பொருளை விட்டுவிட்டு வருமுன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் உங்களைக் கேட்காமல் கட்டணம் போட முடியாது.

8. போலீஸ், பேங்க், காகிதங்கள்

பணமோ அடையாள ஆவணமோ போயிருந்தால் மட்டும் இந்தப் படி. கேம் கணக்கு மட்டும் போயிருந்தால் அந்த கேம் கம்பெனியின் உதவிப் பக்கமே போதும். வாங்கிய ரசீது மின்னஞ்சல்களை அங்கே கொடுத்தால் சீக்கிரம் நடக்கும்.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியவை: ஐடி அல்லது பாஸ்போர்ட் (விசா பக்கத்தோடு), போன தொகையைக் கோடிட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட், பேங்க் கொடுத்த ரெஃபரன்ஸ் எண், ஸ்கிரீன்ஷாட்களின் பிரிண்ட், ஒரு பக்கத்தில் நாள், நேரம் போட்டு ஆங்கிலத்தில் எழுதிய விவரம். கவுண்டரில் நின்றுகொண்டு யோசித்துச் சொல்வதைவிட, எழுதியதை அஃபிடவிட்டோடு சேர்க்கச் சொல்வது நல்லது. அஃபிடவிட், சான்றிட்ட நகல் இரண்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் கட்டணம் இல்லை.

‘உங்கள் ஏரியா ஸ்டேஷனுக்குப் போங்கள்’ என்று சொன்னால் பணிவாக நில்லுங்கள். எந்த ஸ்டேஷனிலும் வழக்கைத் திறக்கலாம், அவர்கள்தான் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சைபர்கிரைம்ஸ் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது அதன்படி குற்றம். வழக்கு பதிவானதும் காஸ் (CAS) எண், அதாவது வழக்கு எண், எஸ்எம்எஸ்ஸில் வரும். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது பேங்க் பெரும்பாலும் அந்த எண்ணைக் கேட்கும்.

பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், எழுத்திலேயே பதில் கேளுங்கள். பதில் சாதகமாக இல்லையென்றால் 2024 மார்ச் 1 முதல் இயங்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் (பேங்க் போன்றவற்றின் மீதான புகார்களை விசாரிக்கும்) அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் அதற்கு முன் பேங்கிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலோ ஆப்பில் ‘அப்ரூவ்’ கொடுத்திருந்தாலோ பணம் திரும்புவது கடினம். அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

9. அடுத்த சில மாதங்கள்

ஐடி எண் போயிருந்தால் சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸில் ‘ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்’ செய்யுங்கள், இலவசம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்பு கடன் கொடுப்பவர் கண்ணில் படும். ஒவ்வொரு கிரெடிட் பியூரோவும் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல், டிரான்ஸ்யூனியனிடம் இன்று, எக்ஸ்பீரியனிடம் மூன்று மாதம் கழித்து என்று பிரித்து வாங்கினால் வருடம் முழுக்கக் கண்காணிக்கலாம்.

பணம் போனதை ஃபேஸ்புக்கில் எழுதினால், ‘நான் மீட்டுத் தருகிறேன், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று ஆட்கள் வருவார்கள். அவர்களும் அதே கூட்டம்தான், பதிலே போடாதீர்கள். ரசிகர் தளத்தை நடத்துபவருக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தின் முகவரி, நாள், நேரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தென்னாப்பிரிக்காவிலிருந்து பார்த்தது என்ற குறிப்பு, இவ்வளவும் இருந்தால் அவர் விளம்பர நிறுவனத்திடம் காட்டி அதை நிறுத்த முடியும்.